மச்சானின் .380க்கு எந்தத் தோட்டா?

என் மனைவியின் தம்பி ஒஹாயோவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை பார்க்கிறான். கிரீன் கார்ட் உள்ளவர்கள் அங்கே சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், அதனால் அவனும் ஒன்று வாங்கிவிட்டான். ரூகர் எல்சிபி என்று ஒரு குட்டிப் பிஸ்டல், கால்சட்டைப் பொக்கெட்டுக்குள் அடங்கிவிடும், தோட்டா போடாமல் நிறுத்தால் 300 கிராம் கூட வராது. அது சுடுவது .380 ஏசிபி என்ற சின்ன ரகத் தோட்டா. வாங்கிய கையோடு எனக்கு ஒரு வட்ஸ்அப் வொய்ஸ்: "மச்சான், கடையில ஒரு செவரு முழுக்கத் தோட்டாவே அடுக்கி வச்சிருக்கான், எத எடுக்கிறதுனே தெரியல. நீங்கதான் இதெல்லாம் நோண்டுவீங்களே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பிஸ்டல் சுட்டதில்லை, சுடுவதாக உத்தேசமும் இல்லை. ஆனால் உந்தம், சக்தி என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி ஒரு நல்ல தீனி. படித்தது, கணக்குப் போட்டது, அவன் அங்கே சுட்டுப் பார்த்துச் சொன்னது எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: சின்னத் தோட்டாவிடம் ஆழமாகவும் போ, அகலமாகவும் விரி என்று இரண்டு வேலை கேட்கக்கூடாது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஆழத்தைக் கேட்க வேண்டும். கடைச் சுவரோ அதற்கு நேர்மாறானதைத்தான் விற்கிறது.

கடைச் சுவரில் என்ன இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினான். பாதிக்கு மேல் ஹொலோ பொயின்ட். சன்னத்தின், அதாவது தோட்டாவில் இருந்து பறந்து போகும் துண்டின், முனையில் ஒரு குழி இருக்கும், உடம்புக்குள் போனதும் அந்தக் குழியில் ஈரமான சதை அழுத்தி முனை பூ மாதிரி விரியும், பெட்டியின் மேலும் அந்த விரிந்த பூவின் படத்தைத்தான் போட்டிருப்பார்கள். விரியும் சன்னத்துக்குப் பிரபலமான பேர் வந்தது நம் பக்கத்தில் இருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் என்ற ஊரில் இருந்த பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையில், முனையில் ஈயம் திறந்திருக்கும் ரைபிள் சன்னம் செய்தார்கள், 'டம் டம் தோட்டா' என்ற பேர் அங்கேயிருந்து வந்தது. 1899 இல் ஹேக் மாநாட்டில் விரியும் சன்னத்தைப் போரில் பாவிக்கக்கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். அது நாடுகளுக்கு இடையிலான போருக்குத்தான், பொலிசுக்கும் சாதாரண ஆட்களுக்கும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தாராளமாக வாங்கலாம், நியூ ஜெர்சியில் மட்டும் வீட்டுக்கு வெளியே கொண்டு திரியக் கடுமையான கட்டுப்பாடு. ஒஹாயோவில் அந்தப் பிரச்சினை இல்லை. 2022 ஜூனிலிருந்து, 21 வயது ஆகி, வேறு தடை எதுவும் இல்லாதவர் அங்கே பெர்மிட் இல்லாமலே மறைத்துக்கொண்டு போகலாம்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சினிமாப் பொய்யை உடைக்க வேண்டும். சுட்டால் ஆள் பின்னால் பறந்து போய் விழுவான் என்று நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். .380 இல் சாதாரணமாக வரும் சன்னம் 90 கிரெய்ன், அதாவது 5.8 கிராம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் விநாடிக்கு 1000 அடி, 305 மீற்றர். பெருக்கினால் உந்தம் கிட்டத்தட்ட 1.8. இப்போது 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீற்றரில் ஒருவர் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், உந்தம் 6.2. மூன்று மடங்குக்கும் மேல். பந்து தொடையில் பட்டால் வலிக்கும், சிலர் உட்கார்ந்துவிடுவார்கள், ஆனால் யாரும் பின்னால் பறப்பதில்லை. சக்தியை எடுத்தால் .380க்கு 270 யூல், பந்துக்கு 120 யூல். சின்னப் பிஸ்டலில் இருந்து போகும் .22 சன்னத்துக்கு ஏறக்குறைய 100 யூல், பந்தை விடக் குறைவு! அப்படியானால் சன்னம் ஆளைத் தள்ளுவதும் இல்லை, "சக்தியால்" வீழ்த்துவதும் இல்லை. அது செய்வது ஒரே வேலை, துளை போடுவது. துளை எங்கே போகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, இவ்வளவுதான் விஷயம். ரைபிள் வேறு கதை, அதன் வேகத்தில் சதை கிழிவதே வேறு மாதிரி. பிஸ்டலுக்கு இதுதான்.

இன்னொன்று. துளை சரியான இடத்தில் விழுந்தாலும் உடனே விழ வைக்காது. எங்கள் தோட்டத்தில் காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர், லைசென்ஸ் எடுத்த பன்னிரண்டு போர் துவக்கு வைத்திருந்தார், மரக்கறித் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றிக்கு. பெரிய ஈயக் குண்டுகள் உள்ள எஸ்.ஜி. தோட்டாவில் நெஞ்சில் வாங்கிய பன்றி மானாப்புல்லுக்குள் பாய்ந்து, பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டித்தான் விழுந்ததாம். அமெரிக்காவில் எஃப்பிஐ 1989 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் குறிப்பும் மனிதனைப் பற்றி இதைத்தான் சொல்கிறது: இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஒட்சிசன் 10 முதல் 15 விநாடி வரை வேண்டுமென்றே இயங்கப் போதும். மூளையோ மேல் முள்ளந்தண்டோ பட்டால் மட்டும்தான் உடனே நிற்கும். மற்றபடி சுடப்பட்டவர்கள் நிற்பது பெரும்பாலும் பயத்தில், வலியில், அல்லது "ஐயோ சுட்டுவிட்டார்கள்" என்ற நினைப்பில். அதை நம்பி யாரும் தோட்டா தெரிவு செய்ய முடியாது.

அந்தக் குறிப்பு ஏன் எழுதப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இரண்டு பேரை எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சண்டையின் ஆரம்பத்திலேயே ஒரு கொள்ளையனின் மேல் கையில் 9 மிமீ ஹொலோ பொயின்ட் ஒன்று பட்டு, கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. சன்னம் அது செய்ய வேண்டியபடியே விரிந்தது, விரிந்ததால்தான் நின்றது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான், இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், ஐந்து பேர் காயம். அந்த ஒரு சன்னம் நின்ற இடத்தால் அமெரிக்காவின் தோட்டாத் தொழிலே திசை மாறியது.

அதன் பிறகுதான் ஜெலட்டின் சோதனை கணக்காக வந்தது. 10 வீத ஜெலட்டின், 4 பாகை செல்சியஸ் குளிரில். கட்டி சரியாக உறைந்ததா என்று பார்க்க முதலில் ஒரு சின்ன இரும்புக் குண்டை விநாடிக்கு 180 மீற்றர் வேகத்தில் அதற்குள் சுடுவார்கள், அது எட்டரை சென்ரிமீற்றர் அளவில் நிற்க வேண்டும். (ஜனவரியில் சில இரவுகளில் எங்கள் மலைநாட்டு அம்பேவலையில் வெளியே வைத்தாலே குளிர்பெட்டி தேவைப்படாது.) அப்புறம் சோதிக்க வேண்டிய தோட்டாவைச் சுடுவார்கள். குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18க்கு மேல் போகக்கூடாது, அதாவது 30 முதல் 46 சென்ரிமீற்றர். ஆள் அவ்வளவு தடிப்பா என்று மச்சான் கேட்டான். இல்லைதான். ஆனால் எதிராளி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நேராக நிற்கமாட்டான், பக்கவாட்டில் நிற்பான், கையை நீட்டிக்கொண்டு நிற்பான், மயாமியில் நடந்தது போலச் சன்னம் முதலில் கையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த 12 அங்குலம் அதற்காக.

இங்கேதான் .380 மாட்டிக்கொள்கிறது. .380ஐ விடப் பலமான இன்றைய 9 மிமீ சன்னத்துக்கு விரிந்த பிறகும் 12 அங்குலம் தாண்ட எடையும் வேகமும் மிச்சம் இருக்கும். .380 இல் அந்த மிச்சம் இல்லை. போதாததற்கு எல்சிபியின் குழல் 2.75 அங்குலம்தான், பெட்டியில் எழுதிய வேகமோ நாலு அங்குலம் அளவில் உள்ள சோதனைக் குழலில் அளந்தது, கைக்கு வரும்போது விநாடிக்கு 50 அடி, 100 அடி என்று குறைந்துவிடும். ஆகவே ஹொலோ பொயின்ட் நன்றாக விரிந்தால் 8, 9, 10 அங்குலத்தில் நின்றுவிடுகிறது. விரியாவிட்டால் சாதாரணச் சன்னம் மாதிரி நேராகப் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒழுங்காக வந்து நிற்கிற தோட்டா ஒரு சிலதுதான்.

விரிவதும் விரியாததும் பெரும்பாலும் துணியின் கையில் இருக்கிறது. குழிக்குள் துணி போய் அடைத்துக்கொண்டால் அது வெறும் அடைத்த முனை, விரிவதற்கு வழியில்லை. வெறும் ஜெலட்டினில் அழகாக விரியும் சன்னம் நாலு மடிப்பு டெனிமுக்குப் பின்னால் கொஞ்சம் கூட விரியாமல் போய் நிற்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. நுவரெலியாவில் டிசம்பர் மாதம் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களைப் பாருங்கள், பெனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜக்கெட், குல்லா, மப்ளர். ஒஹாயோவின் குளிர் இதை விடப் பல மடங்கு. வருடத்தில் பாதி நாள் அங்கே எல்லோரும் கனத்த துணிக்குள்தான். அப்படிப்பட்ட ஊரில், பலம் குறைந்த தோட்டாவில், பூ விரியும் என்று நம்பிக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

யூடியூப் பார்த்து எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் கட்டி செயற்கை ஜெல், உண்மையான ஜெலட்டின் இல்லை. இரண்டின் எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே கட்டியில் ஒரே ஆள் சுட்ட தோட்டாக்களைத் தங்களுக்குள் ஒப்பிடலாம், அதோடு சரி.

பிறகு எது? எனக்குப் பட்டது இரண்டு வழி. ஒன்று, முழுக்கச் செம்பு உறை போட்ட எஃப்எம்ஜே, ஆனால் உருண்டை முனை வேண்டாம், தட்டை முனை. உருண்டை முனை சதையை விலக்கிக்கொண்டு வழுக்கிப் போகும், தட்டை முனை வழியில் இருப்பதை வெட்டிக்கொண்டு போகும், துளை அதே விட்டம் என்றாலும் வேலை கொஞ்சம் கூட. வின்செஸ்டர் 95 கிரெய்னில் தட்டை முனை போடுகிறது, பயிற்சித் தோட்டா விலைக்கே கிடைக்கும், யாரும் அதைப் "பாதுகாப்புத் தோட்டா" என்று பளபளப்பான பெட்டியில் வைத்து விற்பதில்லை. இரண்டாவது வழி, வேண்டுமென்றே குறைவாக, மெதுவாக விரிகிற ஹொலோ பொயின்ட். ஹோர்னடியின் எக்ஸ்டிபி சன்னம் அப்படி, 90 கிரெய்ன். ஃபெடரலின் ஹைட்ரா-ஷொக் டீப் 99 கிரெய்ன், ஆழத்தை மனதில் வைத்தே செய்தது. "பிளஸ் பி" என்று போட்ட .380 தோட்டா வாங்கலாமா என்று கேட்டான். .380க்கு அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட அமுக்க அளவே அமெரிக்கத் தொழில் நியமத்தில் கிடையாது, தயாரிப்பாளர் தன் பாட்டுக்குப் போடுகிற பேர். 300 கிராம் கூட இல்லாத பிஸ்டலில் அதைச் சுட வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டேன், பேச்சு முடிந்தது.

எஃப்எம்ஜே என்றதும் எல்லோரும் சொல்லும் எதிர்வாதம், அது ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்கிறவனையும் அடிக்கும் என்பது. உண்மைதான், .380 எஃப்எம்ஜே ஜெலட்டினில் 18 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. பெற்றோல் ஷெட்டில் வெளியே கார்கள், ஆட்கள். இதை லேசாகச் சொல்லித் தள்ள முடியாது. ஆனால் ஓர் உடம்பைக் கடந்து தோலையும் கிழித்து வெளியே வரும் சன்னத்தின் வேகம் குறைந்திருக்கும், குறி தப்பிய சன்னத்திலோ முழு வேகமும் அப்படியே இருக்கும். பதற்றத்தில் கையில் அடங்காத குட்டிப் பிஸ்டலால் சுடும்போது தப்பப்போவதுதான் அதிகம். அதற்குத் தோட்டா மருந்தில்லை, பயிற்சிதான். அவனுடைய எல்சிபியில் குறிபார்க்க மேலே இருப்பது ஒரு மேடு மாதிரித்தான், ஏழு யார், அதாவது ஆறு மீற்றர் சொச்சம், தூரத்துக்கு அப்பால் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்கிறான்.

.380ஐ விடச் சின்னது வைத்திருப்பவர்களுக்கு என் பேச்சு இன்னும் கடுமையாகத்தான் இருக்கும். .32 ஏசிபி 1899 இல் ஜோன் பிரௌனிங் செய்தது, பழைய பங்களாத் துரைமார் சிலர் வைத்திருந்ததும் இதுதான், எங்கள் தாத்தா பங்களாவில் அப்புவாக இருந்தபோது தலையணைக்குக் கீழே பார்த்திருக்கிறார். அதில் ஹொலோ பொயின்ட் போடுவதில் ஆழக்குறைவோடு இன்னொரு தொல்லையும் உண்டு. .32 இன் அடிவிளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஹொலோ பொயின்ட் தோட்டா நீளம் குறைவு, மெகசினுக்குள், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டுக்குள், முன்னும் பின்னும் ஆடும், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டால் பிஸ்டல் அந்த இடத்திலேயே செத்தது. நீளமான எஃப்எம்ஜேயில் ஆட இடமில்லை. .25 ஏசிபி, .22 இரண்டிலும் விரிவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். .22 இல் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிவிளிம்புக்குள்ளே சுற்றிப் பூசப்பட்டது, நடுவில் தனி மூடி வைத்த தோட்டாக்களை விட அது வெடிக்காமல் போவது அதிகம். 1905 இல் .25ஐ பிரௌனிங் செய்ததே, .22 அளவு பலத்தை நம்பகமாக வெடிக்கும் தோட்டாவில் தருவதற்கு. ஃபெடரல் இப்போது பஞ்ச் என்று .22 இல் 29 கிரெய்ன் தட்டை முனை போடுகிறது, குட்டிக் குழலில் ஆழம் போவதற்கென்றே, விரிவதற்கு இல்லை. தயாரிப்பாளரே இந்தக் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் காகிதத்தில். இதற்கெல்லாம் மேலே நிற்பது அவன் கையில் இருக்கும் அந்த ஒரு பிஸ்டல் எதைச் சிக்காமல் விழுங்குகிறது என்பது. குட்டிப் பிஸ்டலில் ஸ்லைட் (சுட்டதும் பின்னால் போய்வரும் மேல்பாகம்) லேசு, ஸ்பிரிங் இறுக்கம், நகரும் தூரம் குறைவு, மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலே அடுத்த தோட்டா பாதியில் நிற்கும். ஹொலோ பொயின்டின் அகன்ற வாய், தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவில் இடிக்கலாம், இடிக்காமலும் போகலாம், பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். பையில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் நூறு, இருநூறு சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று அங்கே அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நல்ல பெயருள்ள ஹொலோ பொயின்ட் 20, 25 என்று பெட்டியில் வரும், ஒன்று ஒரு டொலருக்கு மேல். 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய், அதற்கு நாலு தோட்டா வரும். மச்சானின் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தட்டை முனை எஃப்எம்ஜேயின் இன்னொரு நன்மை இதுதான், பயிற்சிக்குச் சுடுவதும் பையில் வைப்பதும் ஒன்றே என்றால் சோதனைச் செலவு தனியாக இல்லை.

படித்துவிட்டு இங்கே யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகிறது. பயிர்காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகம், தற்காப்புப் பிஸ்டலுக்குப் பாதுகாப்பு அமைச்சு, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் தற்காப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளைக் கூட அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. கல்கட்டாஸ் என்ற கள்ளத் துவக்கைச் செய்து வைத்துக்கொள்கிறவர்கள் எந்தத் தோட்டா நல்லது என்று எனக்கு எழுத வேண்டாம்.

பொக்கெட்டில் வைப்பது பற்றியும் அவனுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். வெறும் பொக்கெட்டில் போடாதே, விசையை மூடுகிற உறை வேண்டும், அதே பொக்கெட்டில் சாவியோ சில்லறையோ இருக்கக்கூடாது. மற்றது, தினமும் வீட்டுக்கு வந்து தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதே தோட்டாவைத் திரும்பக் குழலுக்குள் ஏற்றாதே. ஒவ்வொரு தடவையும் முனை சரிவில் இடித்துச் சன்னம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும், அமுங்கினால் வெடிமருந்துக்கு இடம் குறைந்து அமுக்கம் ஏறும், சின்னத் தோட்டாவில் அது சீக்கிரமே ஆபத்தாகிவிடும். அப்படி ஏற்றி இறக்கிய தோட்டாவைப் புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார், குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவும் வேண்டாம், தனியாக எடுத்து வை.

இரண்டு வகையிலும் வாங்கிச் சுட்டான். தட்டை முனை ஒரு தடவையும் சிக்கவில்லை. எக்ஸ்டிபி ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை பாதியில் நின்றது, பிடியை இறுக்கிய பிறகு சரியாகிவிட்டது என்கிறான், ஆனால் பெட்டி அதற்குள் தீர்ந்துவிட்டதால் அதை நம்ப நான் தயாரில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்கத் தட்டை முனைதான் வைத்திருக்கிறான். கோடை வந்து எல்லோரும் டீசேட்டுக்கு மாறியதும் எக்ஸ்டிபிக்கு மாறலாமா என்று கேட்கிறான். மாறலாம், இன்னும் நாலைந்து பெட்டி சிக்காமல் ஓடினால். அந்தக் காசு கையில் இல்லையென்றால் கோடைக்கும் தட்டை முனையே இருக்கட்டும்.